லியூக்ட்ராவுல விழுந்த ஸ்பார்ட்டா ஏன் திரும்ப எழுந்திருக்கவே இல்ல?

தேடல்87:

வணக்கம் மக்களே, ரொம்ப நாளா மண்டைய குடையுற ஒரு கேள்வி, தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்குங்க. கிமு 480ல பெர்சியாவ எதிர்த்து தெர்மோபைலே சண்டை, அடுத்த வருஷமே பிளாட்டியா சண்டை, அப்புறம் ஏதென்ஸோட 27 வருஷம் மல்லுக்கட்டி 404ல அவங்களையே மண்டிபோட வச்சாங்க, அதுக்கப்புறம் கிரீஸ் முழுக்க ஸ்பார்ட்டா வச்சதுதான் சட்டம்னு இருந்துச்சு. அப்படி இருந்தவங்க 371ல லியூக்ட்ராங்கிற இடத்துல தீப்ஸ்ங்கிற இன்னொரு கிரேக்க ஊர்க்காரங்ககிட்ட ஒரே ஒரு சண்டைல தோக்குறாங்க, அவ்ளோதான், ஆட்டம் குளோஸ். அதுக்கப்புறம் அவங்க பேர பெருசா எங்கயும் பாக்கவே முடியல.

எனக்கு புரியாதது என்னன்னா அந்த சண்டைல அவங்க பக்கம் செத்தது கிட்டத்தட்ட ஆயிரம் பேர்னுதான் போட்டிருக்கு. ஆயிரம் பேர் செத்தா ஒரு வல்லரசு காலியாயிடுமா? ஏதென்ஸ் 413ல சிசிலில போய் மொத்த கப்பல் படையையும் ஆயிரக்கணக்கான ஆளுங்களையும் தொலைச்சுட்டு வந்துச்சு, அப்பவும் இன்னும் ஒன்பது வருஷம் தாக்குப்பிடிச்சாங்க. ஏழு வயசுல இருந்து சண்டைக்குன்னே வளக்கப்பட்ட ஊருக்கு ஒரு தோல்விய தாங்குற சக்தி இல்லையா, இல்ல நான் படிச்சதுல ஏதோ விட்டுப்போயிருக்கா?

படைத்தளபதி_ஓய்வு:

நல்ல கேள்வி தம்பி. முதல்ல அந்த சண்டை எப்படி நடந்துச்சுன்னு பாத்துடலாம், ஏன்னா நிறைய பேர் அத ஏதோ அதிர்ஷ்டம்னு நினைக்கிறாங்க.

ஹாப்லைட்னா பெரிய வட்ட கேடயம், ஈட்டி வச்சிருக்க காலாட்படை வீரன். இவங்க தோளோட தோள் ஒட்டி வரிசையா நிப்பாங்க, அந்த அணிவகுப்புதான் ஃபேலங்ஸ். கேடயம் இடது கைல இருக்கறதால ஒவ்வொருத்தனும் தன்னோட வலது பக்கத்துக்கு பாதுகாப்பு தேடி பக்கத்து ஆளோட கேடயத்துக்குள்ள ஒதுங்குவான், அதனால நடக்க நடக்க மொத்த படையும் வலது பக்கமா சாயும், இது அந்த காலத்து வரலாற்று ஆசிரியர் துசிடிடிஸே எழுதி வச்ச விஷயம். வலது ஓரம்தான் மரியாதையான இடம், பெரும்பாலும் நல்ல ஆளுங்கள அங்கதான் நிறுத்துவாங்க. ரெண்டு பக்கமும் இதையே பண்றதால ரெண்டு பேரோட வலது ஓரமும் எதிரியோட இடது ஓரத்த அடிச்சுட்டு போகும், அப்புறம் யாரு முதல்ல திரும்பி வந்து மிச்சத்த கவனிக்கிறாங்களோ அவங்க ஜெயிப்பாங்க. ஸ்பார்ட்டாக்காரன் ஒழுங்கா திரும்புவான், மத்தவன் துரத்திக்கிட்டு கொள்ளையடிக்க போயிடுவான். 394ல நெமியா ஆத்துப்பக்கம் நடந்த சண்டைல அப்படித்தான் ஜெயிச்சாங்க.

தீப்ஸ் தளபதி எபாமினோண்டாஸ் பண்ணது என்னன்னா இந்த கணக்கையே தலைகீழா போட்டுட்டான். தன்னோட பெஸ்ட் ஆளுங்கள இடது ஓரத்துல வச்சான், அதாவது நேரா ஸ்பார்ட்டா ராஜா கிளியோம்புரோட்டஸ் நிக்கிற இடத்துக்கு எதிர்ல. சாதாரணமா எட்டு, பன்னெண்டு வரிசை ஆழம் வைக்கிற எடத்துல இவன் அம்பது வரிசை வச்சான். மிச்ச படைய கொஞ்சம் பின்னாடி தள்ளி சண்டைக்கே விடாம வச்சிருந்தான்னு சொல்றாங்க. ஸ்பார்ட்டா பக்கம் ஆழம் பன்னெண்டுக்கு மேல இல்ல. அதோட அவங்க குதிரைப்படை அன்னிக்கு படு மோசம், குதிரைய வளக்கிறவன் பணக்காரன், ஆனா சண்டைக்கு கூப்டும்போது அதுல ஏறி வர்றவன் உடம்புல தெம்பும் இல்லாத மனசுல ஆசையும் இல்லாத எவனோ ஒருத்தன். அந்த குதிரைங்க அடிவாங்கி திரும்பி ஓடிவந்து சொந்த காலாட்படை மேலயே விழுந்துச்சு. அந்த கலாட்டால பெலோப்பிடாஸ் தலைமைல 300 பேர் கொண்ட தீப்ஸோட புனிதப்படை பாஞ்சுது, ராஜா விழுந்தான், முடிஞ்சுது.

ஆக இது சும்மா வந்த வெற்றி இல்ல. புது யுத்த முறை, பழைய முறைய அடிச்சுது. என்னோட பதில் இவ்ளோதான்.

மேகலா_வாசிப்பு:

தளபதி சார் சொன்னது "எப்படி தோத்தாங்க"ங்கிறதுக்கு பதில், ஆனா தேடல் கேட்டது "ஏன் எழுந்திருக்கல"ன்னு. அதுக்கு அந்த ஆயிரம் பேர்ங்கிற எண்ண கொஞ்சம் பிரிச்சு பாக்கணும்.

ஸ்பார்ட்டா படைனு நாம சொல்றதுல எல்லாரும் ஸ்பார்ட்டா குடிமக்கள் கிடையாது. ஓட்டுரிமை, நிலம், அந்த கடுமையான பயிற்சி எல்லாம் இருக்கற முழு குடிமகன் பேரு ஸ்பார்ட்டியேட். சுத்தியிருக்க ஊர்கள்ல இருக்கற பெரியோய்க்கோய் சுதந்திரமானவங்கதான், படைல சேந்து சண்டை போடுவாங்க, ஆனா அரசியல்ல வாய தொறக்க முடியாது. அதுக்கு கீழ ஹெலட்டுங்க, நிலத்தோட கட்டிப்போட்ட அடிமைங்க மாதிரி. லியூக்ட்ராக்கு போன ஸ்பார்ட்டியேட்டுங்க வெறும் 700 பேர், அதுல 400 பேர் செத்தாங்க. இது அதே காலத்துல வாழ்ந்த வரலாற்று ஆசிரியர் செனபோன் குடுக்கற கணக்கு, அவரு ஸ்பார்ட்டா பக்கம் சாஞ்ச ஆள், எதிரி ஊதிவிட்ட கணக்கு இல்ல. அதுவும் மொத்த படையோட ஆறு பிரிவுல நாலு பிரிவு அங்க நின்னுச்சு, அப்படியும் 700தான்.

இப்ப நூறு வருஷம் பின்னாடி போங்க. 479ல பிளாட்டியால நின்ன ஸ்பார்ட்டியேட்டுங்க 5000 பேர், ஊர்ல மொத்தம் 8000 பேர் இருந்தாங்கன்னு வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்றாரு. 8000ல இருந்து ஆயிரத்துச் சொச்சத்துக்கு எப்படி வந்தாங்க? சண்டைல செத்தது கொஞ்சம், 464ல ஒரு பெரிய பூகம்பம் வந்து ஊரையே தரைமட்டமாக்குச்சு, அது கொஞ்சம். ஆனா முக்கிய காரணம் அவங்களோட குடியுரிமை சட்டம்தான்.

ஒவ்வொரு ஸ்பார்ட்டியேட்டும் ஒரு பொது உணவுக்குழுல உறுப்பினரா இருக்கணும், ராத்திரி சாப்பாடு வீட்ல கிடையாது அங்கதான், மாசாமாசம் பார்லி மாவு, திராட்ச மது, பாலாடைக்கட்டி, அத்திப்பழம் இதெல்லாம் தன்னோட பங்கா குடுக்கணும். குடுக்க முடியலையா, குழுல இருந்து வெளிய, குழுல இல்லைன்னா முழு குடிமகன் இல்ல. வீரம், தழும்பு, அப்பன் தாத்தா பேரு எதுவும் எடுபடாது. இதுல ஏழை பணக்காரன் எல்லாருக்கும் ஒரே அளவு பங்குதான், அதத்தான் அரிஸ்டாட்டில் திட்டுறாரு, கிரீட்ல பொது நிலத்து விளைச்சல்ல இருந்து சாப்பாடு போட்டாங்க, இங்க ஆளாளுக்கு சொந்த பையில இருந்து குடுக்கணும்னு வச்சதால ஏழைங்க வெளிய தள்ளப்பட்டாங்கன்னு. ஸ்பார்ட்டியேட் கைத்தொழிலோ வியாபாரமோ பண்ணி சம்பாதிக்கவும் கூடாது, நிலத்துல ஹெலட்டு விளைவிச்சு குடுக்கறத நம்பித்தான் இருக்கணும். அப்பன் நிலம் மூணு பசங்களுக்கு பிரிஞ்சா மூணு பேருமே பங்கு கட்ட முடியாம போகலாம், அதனால நிறைய பேர் குழந்தை பெத்துக்கறதையே கொறச்சுக்கிட்டாங்கன்னு தோணுது. நிலம் கல்யாணம், சொத்துரிமை வழியா கொஞ்ச குடும்பங்க கைல போய் குவிஞ்சுது, பெண்கள் கைல மட்டும் நாட்டு நிலத்துல அஞ்சுல ரெண்டு பங்கு இருந்துச்சாம். மூணு பசங்க பெத்தா படை சேவைல இருந்து விலக்கு, நாலு பெத்தா எந்த வரியும் சுமையும் இல்லன்னு சட்டம் போட்டும் பாத்தாங்க. நிலம் பிரியற பிரச்சினைய தொடாம பிள்ளை பெத்துக்கோன்னு சொன்னா அது ஏழைய இன்னும் ஏழையாக்கும், அவ்ளோதான்.

வெளிய போறதுக்கு வழி இருக்கு, உள்ள வர்றதுக்கு வழியே இல்ல. அந்த நிலம் முப்பதாயிரம் ஹாப்லைட்டுங்களுக்கு சோறு போடும், ஆனா ஆளுங்க ஆயிரம் பேர் கூட இல்ல, ஒரே அடிய கூட தாங்க முடியாம ஆளில்லாமலே அழிஞ்சுதுன்னு அரிஸ்டாட்டில் எழுதறாரு. சிசிலில ஏதென்ஸ் இழந்தது எண்ணிக்கைல ரொம்ப அதிகம்தான், ஆனா இங்க ஒரே மதியத்துல மூணுல ஒரு பங்கு முழு குடிமக்கள் போயிருக்கலாம். அப்புறம் எழுந்திருக்க யாரு இருக்கா?

சும்மாஒருத்தன்:

சினிமால பாத்தா எல்லாம் சட்டை போடாம சிக்ஸ்பேக்கோட நிக்கிறாங்க, இங்க என்னடான்னா மாவும் சீஸும் கட்டலைன்னு பதவிய புடுங்கியிருக்காங்க 😂

படைத்தளபதி_ஓய்வு:

மேகலா மேடம், ஆள் கொறஞ்சதுங்கிறத நான் மறுக்கல. ஆனா ஒரு விஷயம். ஆள் கொறஞ்சது 371ல திடீர்னு நடந்ததில்ல, 425லயே ஏதென்ஸோட நடந்த போர்ல ஸ்பாக்டீரியா தீவுல 120 ஸ்பார்ட்டியேட்டுங்க கைதியானதுக்கு ஸ்பார்ட்டா பதறிப்போய் சமாதானம் கேட்டு ஓடிவந்துச்சு, ஏதென்ஸோட நிலப்பகுதியான அட்டிகாக்குள்ள வருஷாவருஷம் படையெடுக்கறதையே நிறுத்திக்கிட்டாங்க, ஏன்னா படை வந்தா கைதிங்கள கொன்னுடுவோம்னு ஏதென்ஸ் சொல்லிடுச்சு. அப்பவே நிலைமை அப்படி. அதுக்கு அப்புறமும் 418ல மாண்டினியா, 394ல நெமியா, கொரோனியா எல்லாம் ஜெயிச்சாங்களே? கம்மியான ஆளை வச்சுக்கிட்டே அம்பது வருஷம் ஓட்டியிருக்காங்க. அப்ப எண்ணிக்கை மட்டும் காரணம்னு சொல்ல முடியாதுல்ல.

என் கணக்குல அவங்க பலமே "இவங்கள ஜெயிக்க முடியாது"ங்கிற பேருதான். 390ல கொரிந்துக்கு பக்கத்துல லெக்கேயான்ல ஏதென்ஸ் தளபதி இஃபிகிரட்டிஸ் கனமான கவசம் இல்லாத எறியீட்டி ஆளுங்கள வச்சு 600 பேர் கொண்ட ஸ்பார்ட்டா பிரிவ தூரத்துல இருந்தே அடிச்சு 250 பேர கொன்னான். 375ல டெஜிராவுல பெலோப்பிடாஸ் தன்னவிட பெரிய ஸ்பார்ட்டா படைய நேருக்கு நேர் மோதி உடைச்சான். பேருல விரிசல் விழுந்துகிட்டே இருந்துச்சு, லியூக்ட்ராவுல மொத்தமா உடைஞ்சுது. அன்னிக்கு கூட வந்த கூட்டாளி படைங்க சண்டையே போடல, சில பேரு நடந்தத பாத்து வருத்தப்படக்கூட இல்லன்னு செனபோன் எழுதறாரு. கூட்டாளி உன் தோல்விய பாத்து உள்ளுக்குள்ள சந்தோஷப்படுறான்னா உன் ஆட்சி எந்த லட்சணத்துல இருந்திருக்கும்னு பாத்துக்கங்க. 382ல சமாதான காலத்துல தீப்ஸோட கோட்டைய திடீர்னு புகுந்து புடிச்சுக்கிட்டாங்க, பண்ண ஃபீபிடாஸுக்கு அபராதம் போட்டாங்க, ஆனா கோட்டைய திருப்பி குடுக்கல. இதெல்லாம் யாரு மறப்பா?

தேடல்87:

ரெண்டு பேருக்கும் நன்றி, செமயா போகுது. இப்ப இன்னொரு சந்தேகம். ஆள் இல்ல ஆள் இல்லன்னு சொல்றீங்க, ஆனா ஹெலட்டுங்க ஆயிரக்கணக்குல இருந்திருக்காங்கல்ல, பிளாட்டியாவுக்கே ஒரு ஸ்பார்ட்டியேட்டுக்கு ஏழு ஹெலட்டுன்னு 35,000 பேர கூட்டிட்டு போனாங்கன்னு படிச்சேன். அவங்களுக்கு ஆயுதம் குடுத்து குடியுரிமையும் குடுத்திருந்தா பிரச்சினையே தீந்திருக்குமே? அது கூடவா தோணாம இருந்திருக்கும்?

மண்ணும்_மக்களும்:

இந்த திரெட்ல இதுவரைக்கும் யாரும் மெசீனியா பத்தி பேசாதது ஆச்சரியமா இருக்கு, என்னைப் பொறுத்தவரை கேள்விக்கே அங்கதான் பதில் இருக்கு.

ஸ்பார்ட்டா இருக்கறது லக்கோனியால, யூரோட்டாஸ் ஆத்து பள்ளத்தாக்குல. மேற்க டேய்கெட்டோஸ் மலைய தாண்டினா மெசீனியா, நல்ல செழிப்பான பூமி. கிமு எட்டாம், ஏழாம் நூற்றாண்டுகள்ல ஸ்பார்ட்டா அந்த நாட்டையே சண்டை போட்டு புடிச்சு அங்க இருந்தவங்கள ஹெலட் ஆக்கிடுச்சு. மத்த கிரேக்க ஊர்ல அடிமைங்க பல தேசத்துல இருந்து வாங்கி வந்தவங்க, ஒருத்தனுக்கு ஒருத்தன் பாஷை கூட தெரியாது. இங்க அப்படி இல்ல, ஒரே இனம், ஒரே பாஷை, சொந்த மண்ணுல, குடும்பம் குட்டியோட, நாம ஒரு காலத்துல சுதந்திரமா இருந்தோம்ங்கிற நினைப்போட இருக்கற கூட்டம். அவங்க எண்ணிக்கை எஜமானுங்கள விட பல மடங்கு அதிகம். நீங்க பாக்கற அந்த கடுமையான பயிற்சி, ஒழுங்கு எல்லாமே பெர்சியாக்காரனுக்காக வந்ததில்ல, ராத்திரி பக்கத்து வயல்ல தூங்குற ஆளுக்கு பயந்து வந்தது.

எஃபோர்ங்கிற அஞ்சு அதிகாரிங்க வருஷாவருஷம் பதவிக்கு வந்ததும் ஹெலட்டுங்க மேல முறைப்படி போர் அறிவிப்பாங்க, அப்பதான் ஒரு ஹெலட்ட கொன்னா கொலை பாவம் ஒட்டாது. இளவட்டங்கள கிரிப்டெய்யாங்கிற பேர்ல ஒரு கத்தியும் கொஞ்சம் சாப்பாடும் குடுத்து காட்டுக்குள்ள அனுப்புவாங்க, ராத்திரில ரோட்டுல மாட்டுற ஹெலட்டுங்கள கொல்றது அவங்க வேலைன்னு பிற்கால எழுத்தாளர் புளூட்டார்க் எழுதறாரு. இதவிட மோசம் துசிடிடிஸ் சொல்ற சம்பவம். போர்ல ஸ்பார்ட்டாவுக்காக நல்லா சண்டை போட்டோம்னு நினைக்கிற ஹெலட்டுங்க முன்னாடி வாங்க, விடுதலை குடுக்குறோம்னு அறிவிச்சாங்க. 2000 பேர தேர்ந்தெடுத்தாங்க, அவங்க தலைல மாலை வச்சுக்கிட்டு கோயில் கோயிலா சுத்தி வந்தாங்க, கொஞ்ச நாள்ல அத்தன பேரையும் காணோம், யாரு எப்படி செத்தாங்கன்னே யாருக்கும் தெரியல. யாரு முதல்ல விடுதலை கேட்டு வர்றானோ அவன்தான் நாளைக்கு கலகம் பண்ணப்போறவன், இதுதான் அவங்க போட்ட கணக்கு.

அதனால தேடல் கேட்ட "தோணாம இருந்திருக்குமா"ங்கிறதுக்கு பதில், நல்லாவே தோணுச்சு, செஞ்சும் பாத்தாங்க. 424ல ஸ்பார்ட்டா தளபதி பிராசிடாஸ் 700 ஹெலட்டுங்கள ஹாப்லைட் ஆக்கி வடக்க கூட்டிட்டு போனான், பிரமாதமா சண்டை போட்டாங்க, திரும்பி வந்ததும் விடுதலையும் குடுத்தாங்க. அதுக்கு அப்புறம் விடுதலை பெற்ற ஹெலட்டுங்கன்னு ஒரு தனி வகுப்பே படைல வந்துடுச்சு. ஆனா கவனிங்க, விடுதலை குடுத்தாங்களே ஒழிய குடியுரிமை குடுக்கல. படைல ஆள் வேணும், சபைல ஆள் வேணாம்.

கீழ தள்ளப்பட்டவங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்க சினாடான் கதை போதும். கிமு 399 வாக்குல நடந்த சதி. இவன் ஹெலட் இல்ல, குடியுரிமை இழந்த கீழ்நிலை ஸ்பார்ட்டாக்காரன். ஒருத்தன சந்தைக்கு கூட்டிட்டு போய் இங்க எத்தன ஸ்பார்ட்டியேட்டுங்க இருக்காங்க எண்ணுன்னான். ராஜா, எஃபோருங்க, பெரியவங்க எல்லாம் சேத்து ஒரு நாப்பது பேரு. இவங்க உன் எதிரி, சந்தைல இருக்கற மிச்ச நாலாயிரத்துக்கும் மேல எல்லாரும் உன் கூட்டாளின்னான் சினாடான். அவங்கள பச்சையாவே தின்னுடுவோம்ங்கிற வெறிய யாராலயும் மறைக்க முடியலன்னும் சொன்னான். காட்டிக்குடுத்துட்டாங்க, புடிச்சு ஏன்டா இப்படி பண்ணேன்னு கேட்டதுக்கு ஸ்பார்ட்டால எவனுக்கும் நான் தாழ்ந்தவனா இருக்கக்கூடாதுன்னுதான்னு பதில் சொன்னான். இது நடந்தது ஏதென்ஸ ஜெயிச்சு அஞ்சாறு வருஷத்துக்குள்ள, அதாவது வெளில இருந்து பாக்கறவனுக்கு ஸ்பார்ட்டா உச்சில இருந்தப்ப.

இப்ப லியூக்ட்ராக்கு வாங்க. சண்டை முடிஞ்சதோட எபாமினோண்டாஸ் நிறுத்தியிருந்தா ஸ்பார்ட்டா ஒரு தலைமுறைல ஓரளவு தேறியிருக்கும்னுதான் நான் நினைக்கிறேன். 370 கடைசில குளிர்காலத்துல அவன் நேரா லக்கோனியாக்குள்ள பெரும்படையோட இறங்கினான், எத்தனையோ தலைமுறையா எதிரி கால் வைக்காத மண்ணு அது, ஊருக்கு மதில் கூட கிடையாது. ஊர் எரியற புகைய கூட ஸ்பார்ட்டா பொம்பளைங்களால பாக்க முடியல, ஏன்னா அவங்க எதிரிய பாத்ததே இல்லன்னு எழுதியிருக்கு. அப்பதான் அதிகாரிங்க ஆயுதம் எடுக்கற ஹெலட்டுக்கு விடுதலைன்னு அறிவிச்சாங்க, 6000 பேருக்கு மேல பேர் குடுத்தாங்க, வரிசையா நின்ன கூட்டத்த பாத்து எதிரிய விட இவங்கள பாத்துதான் அதிகம் பயந்தாங்களாம். ஊர புடிக்க முடியல, கிழட்டு ராஜா அஜெசிலாவுஸ் எப்படியோ காப்பாத்திட்டான். ஆனா எபாமினோண்டாஸ் அத விட பெரிய வேலை ஒண்ணு பண்ணான், மெசீனியாவுக்கு போய் ஹெலட்டுங்கள விடுவிச்சு 369ல இதோமே மலை அடில மெசீன்னு ஒரு நகரத்தையே கட்டி சுத்தி கல்மதில் போட்டு குடுத்தான், அந்த மதில் இன்னிக்கும் நல்ல உயரத்துக்கு நிக்குது. நிலம் போச்சு, நிலத்துல உழைச்ச ஆளுங்க போச்சு, அப்ப மேகலா சொன்ன உணவுக்குழு பங்கு எங்க இருந்து வரும்? இருந்த கொஞ்சநஞ்ச குடிமக்கள்லயும் எத்தன பேரு கட்ட முடியாம கீழ விழுந்திருப்பாங்க. லியூக்ட்ரா கொன்னது 400 பேர, மெசீனியா போனது மொத்த அமைப்பையும் கொன்னுச்சு.

மேகலா_வாசிப்பு:

மண்ணும்_மக்களும், அருமை. இதோட ஒரு காட்சிய சேத்துக்கறேன். லியூக்ட்ரா சேதி ஊருக்கு வந்தப்ப ஒரு திருவிழாவோட கடைசி நாள், ஆண்கள் குழுப்பாட்டு அரங்கத்துல நடந்துகிட்டு இருந்துச்சு. எஃபோருங்க நிகழ்ச்சிய நிறுத்தல, முடியற வரைக்கும் விட்டாங்க, செத்தவங்க பேர மட்டும் அந்தந்த வீட்டுக்கு அனுப்பி பொம்பளைங்க யாரும் கூப்பாடு போடக்கூடாதுன்னாங்க. மறுநாள் பையன் செத்த வீட்டுக்காரங்க மூஞ்சிய பளிச்சுனு வச்சுக்கிட்டு தெருவுல நடமாடினாங்க, பையன் உயிரோட இருக்கான்னு சேதி வந்த வீட்டுக்காரங்கதான் தலைய தொங்கப்போட்டுக்கிட்டு கண்ணுலயே படல. சரி, இதுல இன்னொரு சிக்கல், சண்டைல இருந்து தப்பிச்சு வந்தவன் கோழைன்னு முத்திரை குத்தி அவன் உரிமைய புடுங்கறது அவங்க சட்டம். இந்த தடவ தப்பிச்சவங்க எண்ணிக்கைய பாத்தா சட்டப்படி நடந்தா ஊர்ல ஆளே மிஞ்சாது. அஜெசிலாவுஸ் என்ன பண்ணான்னா இன்னிக்கு ஒரு நாள் சட்டம் தூங்கட்டும்னு சொல்லிட்டான். புத்திசாலித்தனம்தான், ஆனா அந்த ஒரு நாள் தூக்கத்த குடியுரிமை சட்டத்துக்கும் குடுத்திருக்கலாமேன்னு எனக்கு எப்பவும் தோணும்.

தேடல்87:

மிரண்டுபோய் உக்காந்திருக்கேன். கடைசியா ஒண்ணு, ஏதென்ஸ் மட்டும் எப்படி திரும்ப திரும்ப எழுந்துச்சு? அங்கயும் அடிமை இருந்தாங்க, அங்கயும் குடியுரிமை சும்மா குடுத்துடலையே.

மேகலா_வாசிப்பு:

கரெக்ட், ஏதென்ஸ யாரும் புனிதமாக்க வேணாம். 451ல பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டப்படி அப்பா அம்மா ரெண்டு பேருமே ஏதென்ஸ்காரங்களா இருந்தாத்தான் பிள்ளைக்கு குடியுரிமை, லாரியான் வெள்ளிச்சுரங்கத்துல அடிமைங்க பட்ட பாடு சொல்லி மாளாது. ஆனா ஒரு பெரிய வித்தியாசம், அங்க ஏழையாயிட்டா குடியுரிமை போகாது. நிலமே இல்லாத தீட்டிஸ்ங்கிற வகுப்பு ஆளும் சபைல போய் கைய தூக்கி ஓட்டு போடலாம்.

அதுக்கு ஒரு காரணம் கப்பல். ஹாப்லைட் ஆகணும்னா கேடயம், ஈட்டி, தலைக்கவசம் எல்லாம் சொந்த காசுல வாங்கணும், அது ஓரளவு வசதியானவனாலதான் முடியும். துடுப்பு போட ரெண்டு கை போதும். ட்ரைரீம்ங்கிற போர்க்கப்பல் ஒண்ணுல 170 பேர் துடுப்பு போடணும், மொத்தம் கிட்டத்தட்ட 200 பேர், நூறு கப்பல்னா 20,000 பேர், அவ்ளோ பேருக்கு பணக்காரன் வீட்டு பிள்ளைங்க பத்தாது. 480ல சலாமிஸ்ல பெர்சியாவ அடிச்சது, அப்புறம் ஏஜியன் கடலையே ஆண்டது எல்லாம் இந்த ஆளுங்க தோள் வலிமைல. ஊருக்கு பலம் குடுக்கறதே கப்பல் ஓட்டுற ஏழைங்கதான், அதனால அவங்க கைல அதிகாரம் இருக்கறது நியாயம்தான்னு ஜனநாயகத்த புடிக்காத ஒரு ஏதென்ஸ்காரரே பல்ல கடிச்சுக்கிட்டு எழுதி வச்சிருக்காரு. முடியாத கட்டத்துல 406ல அர்கினூசே சண்டைக்கு அடிமைங்களையும் கப்பல்ல ஏத்தி விடுதலை குடுத்தாங்க. ஜெயிச்சுட்டு வந்த தளபதிங்கள்ல ஆறு பேர, கவிழ்ந்த கப்பல் ஆளுங்கள காப்பாத்தலன்னு தண்டிச்சு கொன்னது தனி பைத்தியக்காரத்தனம், அத இன்னொரு திரெட்ல பேசலாம்.

காசும் அப்படித்தான், அவங்களுக்கு துறைமுகம், வெள்ளி, வியாபாரம்னு நாலு வழி. 404ல கப்பல், மதில் எல்லாம் போயும் 394க்கு அப்புறம் மதில திரும்ப கட்டி 378ல புதுசா ஒரு கூட்டணியே அமைச்சுட்டாங்க. ஸ்பார்ட்டாவுக்கு இருந்தது நிலம் ஒண்ணுதான். ஏதென்ஸ ஜெயிக்கறதுக்கு கப்பல் கட்டின காசு கூட பெர்சியா குடுத்தது.

படைத்தளபதி_ஓய்வு:

மெசீனியா விஷயத்துல முழுசா ஒத்துக்கறேன், ஆனா ஒரு ராணுவ பாயிண்ட விடமாட்டேன் 😀 மலைய தாண்டி மெசீனியா வரைக்கும் போற தைரியம் எபாமினோண்டாஸுக்கு வந்ததே லியூக்ட்ராவுல ஜெயிச்சதாலதான். ஜெயிக்கலைன்னா மெசீன் இல்ல.

அப்புறம் தீப்ஸும் ரொம்ப நாள் ஆடல. 362ல மாண்டினியாவுல ஜெயிக்கற நேரத்துல எபாமினோண்டாஸ் செத்தான், அந்த மாதிரி இன்னொருத்தன் வரல. தீப்ஸ்ல சின்ன வயசுல பிணைக்கைதியா இருந்த மாசிடோனியா இளவரசன் ஃபிலிப் 338ல கைரோனியாவுல வந்து தீப்ஸையும் ஏதென்ஸையும் சேத்து அடிச்சான், 335ல அவன் மகன் அலெக்சாண்டர் தீப்ஸையே இடிச்சு தள்ளிட்டான். அஜெசிலாவுஸ் கதை இன்னும் பரிதாபம், எண்பது வயசு தாண்டின ஸ்பார்ட்டா ராஜா காசுக்காக எகிப்துக்கு கூலிப்படை தலைவனா போனான். 230 டேலண்ட் (அந்த காலத்து எடை அளவு) வெள்ளி சம்பாதிச்சுட்டு திரும்பி வர்ற வழில லிபியா கரைல செத்தான், உடம்ப பதப்படுத்த தேன் கிடைக்காம மெழுகு பூசி ஊருக்கு கொண்டுவந்தாங்க.

சும்மாஒருத்தன்:

ராஜாவே வெளிநாட்டு வேலைக்கு போயிருக்காரா, அப்ப நெஜமாவே கஜானா காலிதான்

தேடல்87:

எல்லாருக்கும் நன்றி. இத பத்தி மூல எழுத்தாளர்கள்ல யார முதல்ல படிக்கலாம்? செனபோன்லயே ஆரம்பிக்கட்டுமா?

மண்ணும்_மக்களும்:

ஆரம்பிங்க, ஆனா ஒரு கண்ண தொறந்து வச்சுக்கிட்டு படிங்க. அவரு ஏதென்ஸ்காரரா இருந்தும் ஸ்பார்ட்டா பக்கம் சாஞ்சவரு, அஜெசிலாவுஸுக்கு நெருங்கின நண்பர், ஸ்பார்ட்டா குடுத்த நிலத்துல வருஷக்கணக்கா குடியிருந்தவரு. லியூக்ட்ரா சண்டைய விலாவாரியா எழுதறாரு, அதுல எபாமினோண்டாஸ் பேரே வராது. மெசீன் நகரம் கட்டினத பத்தியும் அந்த இடத்துல மூச்சு விடமாட்டாரு. அவர படிச்சுட்டு கையோட புளூட்டார்க் எழுதின பெலோப்பிடாஸ், அஜெசிலாவுஸ் வாழ்க்கை வரலாறு ரெண்டையும் எடுங்க, நானூறு ஐநூறு வருஷம் கழிச்சு எழுதினதுதான், ஆனா செனபோன் முழுங்கினது பாதி அங்க கிடைக்கும். அரிஸ்டாட்டில்ல ஸ்பார்ட்டாவ விமர்சிக்கற பகுதி சில பக்கம்தான், அத கடைசில வச்சுக்கங்க, முதல்லயே படிச்சா மத்தவங்க எழுதினத எல்லாம் அவரு கண்ணாலயே பாக்க ஆரம்பிச்சுடுவீங்க.